படிக்கட்டுப் பயணமும் நியூட்டனும்

விசை = நிறை × முடுக்கம். முதலாண்டில் நாம் எல்லோரும் மனப்பாடம் பண்ணிய ஃபார்முலா. 1687-இல் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் தந்த இரண்டாம் விதியிலிருந்து வருவது. பரீட்சையில் இதற்கு மார்க். பஸ் படிக்கட்டில் இதற்கு உயிர்!

1 கிலோ நிறையுள்ள பொருளின் வேகத்தை ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் கூட்டவோ குறைக்கவோ தேவைப்படும் விசை 1 நியூட்டன். இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோமா?

பஸ்சின் வேகம் மணிக்கு 36 கி.மீ., அதாவது விநாடிக்கு 10 மீட்டர். டிரைவர் சடன் பிரேக் போட்டு 2 விநாடியில் நிறுத்துகிறார். எதிர்முடுக்கம் 10 ÷ 2 = 5. படியில் தொங்குபவர் 60 கிலோ என்றால், அவரையும் நிறுத்த 60 × 5 = 300 நியூட்டன் வேண்டும். ஏறக்குறைய 30 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் விசை! பெரும்பகுதியைக் கம்பியைப் பிடித்த கைதான் தாங்கணும். இன்னொரு 60 கிலோ நண்பர் அவரையே பிடித்துத் தொங்கினால் நிறை இரட்டிப்பு, விசையும் 600.

கை நழுவி, அதே வேகத்தில் மின்கம்பத்தில் மோதினால்? 0.05 விநாடியில் வேகம் பூஜ்யம். எதிர்முடுக்கம் 200, சராசரி விசை 12,000 நியூட்டன். 40 மடங்கு! நிறை அதே, வேகம் அதே. நிற்கும் நேரம் மட்டும்தான் குறைந்தது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கி, அந்த நேரத்தைத்தான் சற்றே நீட்டித் தருகிறது.

"நம்ம கை ஸ்ட்ராங்குப்பா" என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். "உள்ளே போ, உள்ளே போ" என்று கண்டக்டர் கத்தும்போது, அவர் நடத்துவதும் பிசிக்ஸ் வகுப்புதான்!