குழுவாகக் கப்பலேறுவோரும் பிரயாண இன்ஷூரன்ஸும்

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்திறங்கியது பிழைப்புத் தேடி. இன்று நம்மவர்கள் கப்பலேறுவது ஓய்வுக்காக. கடையைச் சில நாள் நம்பகமான சிப்பந்தியிடம் ஒப்படைத்துவிட்டு, அத்தா, அம்மா, அண்ணன் தம்பி குடும்பங்கள், கூட்டாளிகள் என இருபது பேர் ஒன்றாகச் சேர்ந்து, சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்புகிறார்கள். நல்ல வழக்கமே.

ஆனால், மிளகாய் மூட்டையைக் கப்பலில் ஏற்றும்போது இன்ஷூரன்ஸ் பத்திரத்தை வரிவரியாகப் படிக்கும் வியாபாரி, தம் தாயாரைக் கப்பலில் ஏற்றும்போது மட்டும், “எது மலிவோ அதைப் போடுங்கள்” என்று ஏஜண்டிடம் சொல்லிவிடுகிறார். இது முறையல்ல. குழுவுக்குப் பாலிசி எடுப்பதில் அடிப்படை விதி ஒன்று உண்டு. குழுவில் யார் மிகவும் பலவீனமானவரோ, அவரைக் கொண்டே பாலிசியை அளக்க வேண்டும். பிரிமியத்தைக் கொண்டு அல்ல. இவ்விதியை மனத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றைக் கவனிப்போமாக.

1. யார் உள்ளே, யார் வெளியே?

‘குடும்பப் பாலிசி’ என்றால் கூட்டுக் குடும்பம் முழுவதும் அடங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது கணவன், மனைவி, பிள்ளைகளை மட்டுமே குறிக்கும். பெற்றோருக்கும் தம்பிக்கும் தனிப் பாலிசி வேண்டும். பல பாலிசிகளில் குறிப்பிட்ட வயதுக்கு மேல் வைத்தியத் தொகை குறைந்துவிடும். மேலும், பாலிசி பொதுவாக அந்தந்த நாட்டில் வசிப்போருக்கு, அந்நாட்டிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் பிரயாணத்துக்கே செல்லும். ஆகவே ஈப்போவிலிருந்து வரும் மைத்துனர் மலேசியாவிலும், சிங்கப்பூரில் வசிக்கும் நாம் சிங்கப்பூரிலும் தனித்தனியே எடுப்பதே சரி.

2. பழைய நோய்

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு ஆகியவை முன்பே இருந்தால், சாதாரணப் பாலிசிகளில் அவற்றால் விளையும் செலவு விலக்கப்பட்டிருக்கும். குழுவில் மூத்தவர்கள் இருந்தால் இந்த ஒரு விலக்கே பாலிசியைப் பயனற்றதாக்கிவிடக்கூடும். பழைய நோயையும் ஏற்கும் பாலிசிகள் அதிகப் பிரிமியத்துக்குக் கிடைக்கின்றன. நோயுள்ளவருக்கு மட்டுமாவது அதை எடுக்க வேண்டும். கேட்கும் கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். மறைத்து எழுதிய பாலிசி ஆபத்து நேரத்தில் வெறும் காகிதம்.

3. கப்பலில் வைத்தியம்

கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் இலவசமல்ல. கட்டணம் நம் அறைக் கணக்கில் பற்று எழுதப்படும். இறங்குமுன் கட்டிவிட்டு, ரசீதும் டாக்டர் அறிக்கையும் வாங்கிவந்து பிறகுதான் கம்பெனியிடம் கேட்க வேண்டும். நோய் கடுமையானால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். கப்பல் போய்விடும். புக்கெட் ஆஸ்பத்திரியில் இருக்கும் தாயாருடன் ஒருவர் தங்க வேண்டும். பிறகு இருவரும் ஊர் திரும்ப வேண்டும். அவசர வைத்திய மாற்றுச் செலவு, உடனிருப்பவர் செலவு, திரும்பும் செலவு ஆகிய மூன்றும் உண்டா என்று பாருங்கள்.

4. பிரயாணம் ரத்தானால்

புறப்படும் நாள் நெருங்க நெருங்கக் கப்பல் கம்பெனி பிடித்துக்கொள்ளும் தொகை ஏறும்; கடைசியில் முழுக் கட்டணமும் போய்விடும். எனவே டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டும்போதே பாலிசியையும் எடுத்துவிடுவது நலம். யாருடைய நோய்க்காக ரத்துச் செய்தால் பணம் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். நெருங்கிய உறவினர் என்ற பட்டியலில் கடைக் கூட்டாளி இருக்கமாட்டார். ஒரு குடும்பம் நின்றுவிட்டது என்பதற்காக மற்ற நான்கு குடும்பங்களும் மனம் வராமல் நின்றால், அதற்குப் பணம் கிடைக்காது.

5. கப்பல் காத்திருக்காது

கோலாலம்பூரிலிருந்து காரில் வருவோர் ஜொகூர்ப் பாலத்து நெரிசலில் சிக்கிக் கப்பலைத் தவறவிட்டால், பல பாலிசிகள் அதை ஏற்பதில்லை. முதல் நாளே சிங்கப்பூர் வந்து தங்குவதுதான் மலிவான இன்ஷூரன்ஸ். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமாவில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் தடுத்து வைக்கப்பட்டதும், அவர்களில் 700-க்கும் மேற்பட்டோரைக் கொரோனா தொற்றியதும் நினைவிருக்கலாம். ஆகையால் அறையில் அடைபட்டாலும், கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தாலும் நஷ்டஈடு உண்டா என்று கேளுங்கள். சில கம்பெனிகளில் இவற்றுக்குத் தனியே கப்பல் பிரயாணச் சேர்க்கை வாங்க வேண்டும். செய்தி ஊரறிந்த பின் எடுக்கும் பாலிசி அந்த ஆபத்துக்குச் செல்லாது.

6. தகாஃபுல்

தகாஃபுல் முறையை விரும்புவோர்க்கும் வழி உண்டு. மலேசியாவில் இதற்கென 1984-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2013-ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் எடுத்துக்கொண்டது. ‘தபர்ரு’ என்னும் நன்கொடையாக எல்லோரும் பொது நிதியில் சேர்க்கும் பணத்திலிருந்து, நஷ்டமடைந்தவருக்கு உதவுவது இதன் அமைப்பு. ஆயினும் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். அதிலும் வயது வரம்பும் விலக்குகளும் உண்டு.

7. பணம் கேட்கும் முறை

குழுவில் ஒருவரைக் கணக்குப்பிள்ளைபோல் நியமியுங்கள். ஒவ்வொருவரின் பாலிசி எண், கம்பெனியின் அவசரத் தொலைபேசி எண், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்கள் ஆகியவை அவரிடம் ஒரே நோட்டில் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள். கம்பெனி நியாயமின்றி மறுத்தால், முதலில் அக்கம்பெனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அதற்கும் இணங்காவிடில், சிங்கப்பூரில் நிதித்துறைத் தகராறு தீர்வு மையமும், மலேசியாவில் 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையும் உண்டு.

ஆளுக்குப் பத்து வெள்ளி மிச்சம் பிடித்தால் இருபது பேருக்கு 200 வெள்ளி. அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டு நிற்கும் ஒரு ராத்திரிக்கு அது காணாது. வியாபாரத்தில் சரக்கின் தரம் பாராமல் விலை மட்டும் பார்த்து வாங்குவதில்லை நாம். பாலிசியையும் அப்படியே வாங்குவோமாக.