“முற்றட்டும், பார்க்கலாம்” – மனத்தடையை அறிந்து கடத்தல்

கண்ணில் புரை இருக்கிறது, அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறியதும், கீரனூர் வட்டாரத்துப் பெரியவர்கள் பலரிடமிருந்து வரும் மறுமொழி, “முற்றட்டும், பார்க்கலாம்” என்பதாகும். அதன்பின் தைப்பூசம் கழியட்டும், ரமலான் முடியட்டும், அறுவடை ஆகட்டும் என்று நாள்கள் தள்ளிப்போகின்றன. இவற்றுள் எதுவும் பொய்க்காரணம் அன்று. ஆயினும் ஒரு காரணம் தீர்ந்தவுடன் அடுத்தது வந்து நிற்குமானால், உள்ளே வேறொன்று நம்மைத் தடுக்கிறது என்று அறிதல் வேண்டும். அதுவே மனத்தடை.

மனத்தடை பெரும்பாலும் அச்சத்தின் குரலில் பேசுவதில்லை. நியாயத்தின் குரலிலேயே பேசுகிறது. “இந்த வயதில் எனக்கெதற்கு?”, “பிள்ளைகளுக்கு ஏன் சுமை?” என்னும் சொற்களுக்கு அடியில், “கத்தி பட்டால் உள்ள பார்வையும் போய்விடும்”, “நான் செலவுக்குத் தகுந்தவன் அல்லன்” என்னும் நம்பிக்கைகள் மறைந்திருக்கலாம். அவற்றை வெளியே சொல்லிவிட்டால் ஆராய்ந்து பார்க்க இயலும்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

“முற்றட்டும்” என்பது அறியாமையால் பிறந்த சொல் அன்று. முற்காலத்தில் புரை படிந்த வில்லையை எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடி அணிவிப்பதே வழக்கம். ஆதலால் பார்வை மிகவும் குன்றிய பின்னரே அறுவை செய்வது அன்று பொருத்தமாக இருந்தது. 1949-ஆம் ஆண்டு இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். 1992-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற அரோலேப் நிறுவனம் அத்தகைய லென்ஸ்களைக் குறைந்த விலையில் தயாரித்தது. சிகிச்சை முறை மாறிவிட்டது. நம்பிக்கை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இன்று, அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறாகும்போதே அறுவை செய்துகொள்ளலாம். மிக முற்றிய புரை கடினமாகி அறுவையைச் சிக்கலாக்கும். சிலருக்குக் கண்ணின் அழுத்தமும் உயரக்கூடும். மங்கலான பார்வையோடு நடப்பதால் விழுந்து எலும்பு முறிவதும் உண்டு. மேலும், மங்கல் அனைத்தும் புரையே என்று கருதலாகாது. கண் நீர் அழுத்த நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை. ஆகவே, காத்திருக்கலாமா என்பதை முடிவுசெய்வதற்கே பரிசோதனை தேவை.

ஒரு மருத்துவரின் கைகள்

வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. விரல்கள் கோணின, பேனா பிடிப்பதும் அரிதாயிற்று. “இந்தக் கையால் இனி இயலாது” என்று அவர் எண்ணியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் சிகிச்சை பெற்றார். கண் மருத்துவம் பயின்றார். தம் கைக்கு ஏற்ற கருவிகளைச் செய்வித்து, சிறிது சிறிதாகப் பழகினார். அக்கைகளாலேயே ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ஓய்வு பெற்றபின், 1976-இல், 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

மன உறுதியால் அவருடைய நோய் மறைந்துவிடவில்லை. விரல்கள் இறுதிவரை கோணலாகவே இருந்தன. “மகப்பேறு மருத்துவம் இயலாது” என்பது உண்மை. “மருத்துவமே இயலாது” என்பது வெறும் நம்பிக்கை. இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே அவர் செய்த முதல் வேலை.

நீங்கள் செய்யத்தக்கவை

1. தள்ளிப்போடும் காரணத்தை ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது எழுதச் சொல்லுங்கள். “இக்காரணம் நாளையே தீர்ந்தால் நான் சம்மதிப்பேனா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை எனில், மெய்யான காரணம் வேறு.

2. அந்த மெய்யான காரணத்தை மருத்துவரிடமோ செவிலியரிடமோ அப்படியே கூறுங்கள். புரை அறுவை பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து நடைபெறுகிறது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை. எந்த அறுவையிலும் சிறிதளவு ஆபத்து உண்டு. உங்களுக்கு அது எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.

3. அறுவைக்கு இன்றே சம்மதிக்க வேண்டுவதில்லை. பரிசோதனைக்கு ஒரு நாள் குறியுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பின் அவற்றைச் சீராக்கத் தொடங்குங்கள்.

உடனிருப்போருக்கு

“பயப்படாதீர்கள்” என்று சொல்வதைவிட, “எதை நினைத்துத் தயங்குகிறீர்கள்?” என்று கேட்பது பயன் தரும். கேட்டபின் பொறுமையுடன் காத்திருங்கள். “சுமையாக இருப்பேன்” என்பது விடையானால், அறிவுரை வேண்டா. எந்த நாளில், யார் உடன் வருவார், சொட்டு மருந்தை யார் இடுவார் என்று முடிவுசெய்து சொல்லுங்கள். தம்மோடு ஒருவர் வருகிறார் என்று தெரிந்தாலே பலருடைய தயக்கம் பாதி குறைந்துவிடும்.