கணினியுள் கணினி

மேசைமேல் இருப்பது ஒரு கணினியே. ஆயினும், அதன் திரையில் தோன்றும் ஒரு சாளரத்துள் மற்றொரு கணினி தனியே இயங்கக் காணலாம். அதற்கெனத் தனிப்பெட்டி இல்லை, விசைப்பலகையும் இல்லை. மென்பொருளின் திறத்தால் ஆக்கப்பட்ட அதனை மெய்நிகர் கணினி என்பர். வெளியே லினக்ஸ் இயங்கிக்கொண்டிருக்க, உள்ளே விண்டோஸோ வேறொரு லினக்ஸோ இயங்கும். அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே தம் பெருங்கணினிகளில் இம்முறையைக் கையாண்டனர். இன்று விர்ச்சுவல்பாக்ஸ் முதலிய மென்பொருள்கள் வீட்டுக் கணினியிலும் அதனைச் செய்து தருகின்றன.

இடமளிக்கும் கணினியை விருந்தோம்புவோன் என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினன் என்றும் பொருள்படும் சொற்களால் ஆங்கிலத்தில் வழங்குவர். விருந்து என்னும் தமிழ்ச்சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். ஆதலின் அவ்வழக்கு நமக்கும் ஒத்ததே. நாம் முன்னதை இல்லக்கணினி என்றும், பின்னதை விருந்துக்கணினி என்றும் கூறுவோம்.

மாணவன் ஒருவன் லினக்ஸ் இயங்கும் இல்லக்கணினியில் ஒரு பத்தியை நகலெடுக்கின்றான். விருந்துக்கணினிக்குச் சென்று ஒட்ட முயல்கின்றான். ஒன்றும் வரவில்லை. கணினி பழுதுற்றது போலும் என வருந்துகின்றான். அது பழுதன்று. இரண்டிற்கும் இடையே ஒரு சுவர் உண்டு. அது வேண்டுமென்றே எழுப்பப்பட்ட சுவர்.

நகலெடுத்து ஒட்டும் முறையை 1970களின் இடையில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர் செம்மையுற அமைத்தனர். நகலெடுத்த பொருள் தங்கும் இடத்தைக் கிளிப்போர்டு என்கிறோம். பெயரைக் கேட்போர், அஃது ஒரு பலகை என்றும், அதன்மேல் நகல் ஒட்டப்பட்டிருக்கும் என்றும் எண்ணுவர். லினக்ஸில் நிகழ்வதோ வேறு. 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் என்னும் சாளர முறையில், நகலெடுக்கப்பட்ட பொருள் உடனே எங்கும் செல்வதில்லை. அது களஞ்சியத்திற் கொண்டுபோய்க் கொட்டிய நெல்லன்று, "நெல் என் மனையில் உளது, வேண்டுவோர் வந்து கேட்பின் தருவேன்" என்று முரசறைந்தது போன்றதே. ஒட்டும் நிரல் கேட்கும்போதுதான் நகலெடுத்த நிரல் பொருளை அளிக்கும். முரசறைந்தவன் இடையில் மனையைப் பூட்டிச் சென்றால், அஃதாவது அந்நிரலை மூடிவிட்டால், பொருளும் மறைந்துபோதல் உண்டு. அதனைக் காத்துவைக்கும் தனி நிரல் இருப்பின் மட்டுமே தப்பும். சுட்டியால் தெரிவுசெய்தலே ஒருவகை நகலாதலும் லினக்ஸில் உண்டு, விரிப்பிற் பெருகும்.

இவ்வூர் முரசொலி அவ்வூரிற் கேளாது. இல்லக்கணினியின் அறிவிப்பு விருந்துக்கணினிக்கு எட்டாமைக்குக் காரணம் இதுவே. ஆகவே இரண்டிற்கும் இடையே ஒரு தூதன் வேண்டும். அவன் ஓரூரில் முரசு கேட்டவுடன் மற்றோரூரில் அதனை அறைவான். அங்கே ஒருவர் கேட்பின், இங்கே வந்து பொருளைப் பெற்றுச் செல்வான். விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் மென்பொருளும், கியூஎமு, கேவிஎம் என்பவற்றோடு ஸ்பைஸ் முறையைக் கையாளுவோர்க்கு ஸ்பைஸ் விடிஏஜென்ட் என்பதும் அத்தூதர்கள். இவர்களை விருந்துக்கணினியின் உள்ளே நிறுவுதல் வேண்டும். பலர் இல்லக்கணினியில் தேடி அலைவர்.

விர்ச்சுவல்பாக்ஸில் தூதனை நிறுவியதோடு அமையாது, டிவைசஸ் என்னும் பட்டியலில் ஷேர்டு கிளிப்போர்டு என்பதைத் திறந்து இசைவும் அளித்தல் வேண்டும். பகிராமை, இல்லத்திலிருந்து விருந்துக்கு, விருந்திலிருந்து இல்லத்திற்கு, இருவழியும் என நால்வகை அங்கே உள. முதலில் அமைந்திருப்பது பகிராமையே. ஸ்பைஸ் முறையிலோ, தூதன் பணியேற்றவுடன் பகிர்வு தொடங்கிவிடுவதே வழக்கம். வேண்டாதார் அதனைத் தாமே நிறுத்தல் வேண்டும்.

யான் ஒருமுறை பழைய கட்டுரை ஒன்றை இவ்வாறு அனுப்பியபோது, தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகள் குழம்பி வந்து நின்றன. தூதன்மேற் குற்றமில்லை. அக்கட்டுரை ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. தூதன் குறிகளைக் கொண்டு செல்வானேயன்றி எழுத்துருவைச் சுமந்து செல்லான். ஒருங்குறியில் எழுதியவை சிதையாது சென்றன.

இருவழியும் திறந்துவிட்டால் என்ன என்று மாணவர் வினவலாம். ஐயத்திற்குரிய மென்பொருள்களைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே பலர் விருந்துக்கணினியை அமைக்கின்றனர். இல்லக்கணினியில் நீங்கள் ஒரு கடவுச்சொல்லை நகலெடுக்கின்றீர்கள் எனக் கொள்வோம். முரசொலி விருந்துக்கணினியிலும் கேட்கும். அங்குள்ள நிரல் எதுவாயினும், நல்லதாயினும் தீயதாயினும், அதனைக் கேட்டுப் பெறலாம். நீங்கள் ஒட்டவேண்டும் என்பதும் இல்லை. எதிர்வழியிலும் தீங்குண்டு. உள்ளிருக்கும் தீய நிரல், நீங்கள் எடுத்த வரியை மாற்றித் தன் வரியை அறிவித்துவிடலாம். அதனை லினக்ஸின் கட்டளைச் சாளரத்தில் பாராது ஒட்டினால், வரியின் இறுதியில் மறைந்துள்ள ஒரு வரிமுறிவே அதனை உடனே நிறைவேற்றிவிடுதல் கூடும்.

பாடக் கட்டுரையை உள்ளே அனுப்ப விழைந்த அம்மாணவனுக்கு, இல்லத்திலிருந்து விருந்துக்குச் செல்லும் ஒருவழியே போதும். வேலை முடிந்தபின் அதனையும் அடைத்துவிடலாம். அதற்கெனக் கணினியை நிறுத்தவேண்டுவதில்லை. விருந்துக்கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அப்பட்டியலைத் திறந்து மாற்றலாம்.