பழைய போறணையா, புதிய போறணையா? முதலில் கணக்கு, பிறகு முடிவு

பேக்கரித் தொழிலில் இருக்கும் சகோதரர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "வாப்பா காலத்து விறகுப் போறணையை உடைத்துவிட்டு, எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புதுப் போறணை போடலாமா?" கொட்டாஞ்சேனையில் பேக்கரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதற்காக வீட்டு நகைகளை விற்கவும் தயாராக இருந்தார். போறணை விற்பவர் அவருக்குச் சொன்னது ஒரே வசனம்தான்: "எரிபொருள் செலவு பாதியாகும்."

பாதியாகலாம். ஆனால் எதில் பாதி? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

மூடைக் கணக்கு

மாதத்துக்கு விறகுக்கு எவ்வளவு போகிறது என்பது பலருக்கும் தெரியும். ஒரு மூடை மாவுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் தெரியாது. வியாபாரம் கூடினால் விறகும் கூடும். ஆகவே மாதச் செலவை மட்டும் பார்த்துப் போறணையின் குணத்தை அறிய முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இன்று எரித்த விறகு எத்தனை கிலோ, சுட்ட மா எத்தனை மூடை, எத்தனை தடவை அடுக்கினோம். ஒரு மூடைக்கு எத்தனை ரூபா எரிகிறது என்பது அப்போது தெரியும்.

அந்தக் கொப்பி இன்னொன்றையும் காட்டும். செங்கல் போறணையில் முதலில் சூடாவது பாண் அல்ல, கல். நாளுக்கு ஒரு தடவை மட்டும் அடுக்குபவர் அத்தனை கல்லையும் அந்த ஒரு தடவைக்காகவே சூடாக்குகிறார். அதே சூட்டில் முதலில் பாண், பிறகு பணிஸ், கடைசியில் பிஸ்கட், ரஸ்க் என்று தொடர்ந்து சுடுபவருக்கு மூடைச் செலவு இறங்கிவிடும். இதற்கு முதல் தேவையில்லை, நேர ஒழுங்குதான் தேவை.

தண்ணீருக்குக் கொடுக்கும் விலை

அடுத்தது விறகு. புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பச்சை இறப்பர் விறகை எடைக்கு வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார். பிறகு அந்தத் தண்ணீரை ஆவியாக்க விறகையும் எரிக்கிறார். பிளந்து, கூரைக்குக் கீழ் காற்றுப்பட அடுக்கிச் சில மாதம் காயவிட்ட விறகில் இந்த நட்டம் பெருமளவு குறையும். புகையும் குறையும். நாலாபுறமும் மாடிவீடுகள் எழும்பிவிட்ட வெள்ளவத்தை போன்ற இடங்களில் இதுவும் சின்ன விடயமல்ல.

பிறகு போறணையைப் பாருங்கள். கதவு இறுக்கமாக மூடுகிறதா? வளைவில் வெடிப்பு இருக்கிறதா? புகைபோக்கியை அடைக்கும் தகடு வேலை செய்கிறதா? போறணையின் மேல்தளத்தில் கையை வைக்க முடியாத சூடென்றால், உங்கள் காசு கூரை வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

திருத்திய பழையதோடு ஒப்பிடுங்கள்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு எரிபொருள் 6,000 ரூபா, மாதம் 26 நாள் வேலை. மாதச் செலவு 156,000 ரூபா. புதுப் போறணை 24 இலட்சம். செலவு பாதியானால் மாதம் 78,000 மிச்சம். 31 மாதத்தில் போட்ட முதல் திரும்பி வரும். கேட்க நன்றாக இருக்கிறது.

இப்போது பழையதை 2 இலட்சத்தில் திருத்தி, காய்ந்த விறகு போட்டு, செலவில் கால்வாசி குறைந்தது என்று வைப்போம். மாதம் 39,000 மிச்சம். திருத்தக்கூலி ஐந்தாறு மாதத்தில் வந்துவிடும். அதன்பிறகு புதுப் போறணை கூடுதலாகத் தருவது வெறும் 39,000 தான். மேலதிகமாகப் போடும் 22 இலட்சம் திரும்ப 56 மாதம், அதாவது ஏறக்குறைய 4 வருடமும் 8 மாதமும் ஆகும். அதே போறணை, அதே விலை. எதோடு ஒப்பிட்டோம் என்பதுதான் மாறியது.

தவணைக்கு வாங்குபவர்கள் மேலும் கவனிக்க வேண்டும். முறாபஹா முறையில் வங்கி பொருளை வாங்கித் தன் இலாபத்தைச் சேர்த்து உங்களுக்கு விற்கிறது. ஆகவே கணக்கில் போட வேண்டியது கடைவிலையை அல்ல, தவணைகளின் மொத்தத் தொகையை.

எரிபொருளின் குணம்

புதுப் போறணை என்றால் பெரும்பாலும் எரிவாயு, டீசல் அல்லது மின்சாரம். ஒரு கிலோ எரிவாயுவில் ஏறக்குறைய மூன்று கிலோ காய்ந்த விறகின் வெப்பம் உண்டு. வேண்டிய நேரத்தில் பற்றவைக்கலாம், அணைக்கலாம். மறுபக்கத்தையும் மறந்துவிட வேண்டாம். 2021 நடுப்பகுதியில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. காசு இருந்தும் சிலிண்டர் கிடைக்காமல் பல பேக்கரிகள் மூடப்பட்டன. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டும் வந்தது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. 2024 இலும் 2025 ஜனவரியிலும் இறங்கி, 2025 ஜூனில் 15 சதவீதம் மறுபடி ஏறியது. எனவே இன்றைய விலைக்கு ஒரு கணக்கு, விலை ஒன்றரை மடங்கானால் ஒரு கணக்கு என்று இரண்டு போடுங்கள். இரண்டாவதிலும் தாக்குப்பிடித்தால்தான் அது நல்ல முதலீடு.

மின்சாரத்தை யோசிப்பவர்கள் தங்கள் இணைப்பு எந்த வகுப்பு என்று பார்க்க வேண்டும். நேரத்துக்கேற்ற கட்டணம் உள்ள கைத்தொழில் இணைப்புகளுக்கு இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை அலகு மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை விலை அதிகம். பாண் சுடுவது இரவில்தானே! ஆனால் 42 கேவீஏக்கு மேற்பட்ட இணைப்புக்கு உச்சக் கேள்விக் கட்டணமும் சேரும்.

வாட் கேட்ட கூலி

1769 இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம், அதற்கு முந்திய நியூகொமன் இயந்திரத்தைவிட மிகக் குறைந்த நிலக்கரியில் ஓடியது. வாட்டும் பங்காளி போல்ட்டனும் சுரங்க முதலாளிமாரிடம் கேட்ட கூலி, மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு. நிலக்கரியைக் கப்பலில் வரவழைத்த கோர்ன்வோல் சுரங்கங்கள் புதியதை வாங்கின. வாசலிலேயே நிலக்கரி கிடைத்த சுரங்கங்களோ பழைய இயந்திரத்தைப் பல பத்தாண்டுகள் ஓட்டின. இரு தரப்பும் புத்திசாலிகள்தான். தத்தம் எரிபொருள் விலையைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

உங்களிடம் போறணை விற்க வருபவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்: "மிச்சம் நிச்சயமென்றால், விலையில் ஒரு பகுதியை அந்த மிச்சத்திலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்வீர்களா?" சம்மதித்தால் அவர் சொல்லுக்குப் பெறுமதி உண்டு. தயங்கினால், அவர் விற்ற போறணை ஓடும் பேக்கரிக்குப் போய் மூடைக் கணக்கைக் கேளுங்கள்.

வளைவு இடியும் நிலை, அயலவர் புகையைப் பற்றி முறையிடும் நிலை, விறகை அடுக்க இடமே இல்லாத நிலை இருந்தால் புதியதை வாங்கத் தயங்க வேண்டாம். வியாபாரம் வளர்ந்து நாளில் பல தடவை சுடுபவருக்கும் அது விரைவில் முதலைத் திருப்பித் தரும். மற்றவர்கள் முதலில் கதவையும் வெடிப்பையும் திருத்தி, மூன்று மாதம் கொப்பி எழுதிவிட்டு விலை பேசப் போகட்டும். நகை அதுவரை அலுமாரியிலேயே இருக்கட்டும்.