குருவிக்கும் ஒரு குடியிருப்பு

பொதிகையினின்று இறங்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடம் பாபநாசம். காரும் பிசானமும் விளையும் இவ்வட்டாரத்தில் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் மிகுந்திருந்த நாளில், சிட்டுக்குருவிக்கு யாரும் கூடு செய்து கொடுத்ததில்லை. ஓட்டுச் சந்தும் உத்தரத்தின் இடுக்கும் சுவர்ப் பொந்துமே அதற்குப் போதுமாயிருந்தன. இன்று அரசுத் திட்டங்களின் வழியே காங்கிரீட் வீடுகள் எழுந்துள்ளன. மழைக்கு ஒழுகாத, தீக்கு அஞ்சாத வீடுகள், மகிழத்தக்க முன்னேற்றமே. ஆயினும் அவற்றிற்கு அளவெடுத்த நாம், குருவியின் இடத்தை மறந்துவிட்டோம். அக்குறையை நாமே தீர்ப்பது முறை.

"நெல்லைத் தின்னும் குருவிக்கு வீடு எதற்கு?" என உழவர் கேட்கலாம். குருவி தானியம் தின்பது உண்மையே. ஆனால் தன் குஞ்சுகளுக்கு அது பெரும்பாலும் ஊட்டுவது புழுக்களையும் பூச்சிகளையுமே. சீனாவில் 1958-இல் குருவியைப் பயிர்ப்பகையெனக் கருதி நாடெங்கும் கொன்றனர். பூச்சிகள் பெருகிப் பயிர் கெட்டது. 1960-இல் அழிக்கவேண்டியவற்றின் பட்டியலினின்று குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர்.

பெட்டி செய்யும் முறை எளிது. பழைய பலகையால், அடிப்பாகம் ஐந்து அங்குலச் சதுரமும் உயரம் எட்டு அங்குலமும் கொண்ட பெட்டி போதும். முகப்பின் மேற்பகுதியில் ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள துளையிடுக. பெரிதானால் பிற பறவைகள் புகும். துளையின்கீழ் குச்சி பொருத்த வேண்டா. அது பகைக்குப் படியாகும். அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இடுக. பூனைக்கு எட்டாதவாறு எட்டு முதல் பத்தடி உயரத்தில் மாட்டுக. நமது குடியிருப்பின் மேற்குச் சுவரில் முதலில் மாட்டிய பெட்டி வெயிலில் அடுப்பாயிற்று; எக்குருவியும் அண்டவில்லை. கிழக்குத் தாழ்வாரத்திற்கு மாற்றிய பின்னரே குடிவந்தது.

அகன்ற சட்டியில் நீரும், குளித்துப் புரளச் சிறிது புழுதி மண்ணும் அருகில் இருத்தல் நன்று. கொல்லையில் பூச்சிமருந்து தெளித்தலைத் தவிர்க்க வேண்டும்; பூச்சியில்லையேல் குஞ்சுக்கு உணவில்லை.

இனி, கவனிக்கும் முறை. பள்ளி மாணவர் இதற்கு ஒரு குறிப்பேடு வைப்பாராக. தொண்டையில் கருந்திட்டு உடையது சேவல். மங்கிய பழுப்பு நிறமுடையது பேடு. சேவலே இடம் தேர்ந்து பேட்டை அழைக்கும். வைக்கோல் சேர்க்கத் தொடங்கிய நாளைக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முட்டைகள். அடைகாப்பு ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். தாயும் தந்தையும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை இரை கொணர்கின்றன என எண்ணுக. தொலைவில் அமர்ந்தே காணவேண்டும். பெட்டியைத் திறத்தல் கூடாது. குஞ்சுகள் பறந்தபின் பழைய கூட்டை அகற்றுக.

சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில், 2020-ஆம் ஆண்டு, தெருவிளக்கு மின்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருக்கக் கண்ட ஊரார், குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்திற்கு மேல் விளக்கேற்றாதிருந்தனர். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிதன்று; சில துண்டுப் பலகையும் சிறிது பொறுமையுமே.