தனிமத்தின் அடையாளம் எது?

வேதியியல் பயில வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தங்கத்தைத் தங்கமாக்குவது எது? நிறம் என்பார் ஒருவர். அடர்த்தி என்பார் இன்னொருவர். அணு எடை என்பார் பலர். அது நல்ல விடைதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்து வேதியியலார் நம்பியதும் அதுவே.

1869-இல் மெண்டலீஃப் தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கினார். ஒத்த குணமுடையவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து அமர்ந்தன. ஆனால் ஓரிடத்தில் இடறல். டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. எடையை மட்டும் பார்த்தால் அயோடின் முந்திக்கொண்டு, குளோரின், புரோமின் என்னும் தன் உறவினரைப் பிரிந்துவிடும். மெண்டலீஃப் டெலூரியத்தையே முன்னே வைத்தார். அதன் எடையைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். அளந்தவர்கள் மீது குற்றமில்லை! ஆர்கான்–பொட்டாசியம், கோபால்ட்–நிக்கல் இணைகளிலும் இதே முரண்பாடு தென்பட்டது. ஆகவே எடைக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்க வேண்டும்.

1911-இல் ரதர்ஃபோர்டு அணுவின் நடுவே மின்னேற்றம் செறிந்த மிகச்சிறிய உட்கரு இருப்பதாக அறிவித்தார். அம்மின்னேற்றத்தின் அளவே அட்டவணையில் தனிமத்தின் இட எண் என்று வான் டென் புரூக் என்னும் டச்சுக்காரர் ஊகித்தார். அவர் சட்டம் பயின்றவர் என்பதைக் கலைப்பிரிவு நண்பர்கள் கவனிக்க!

ஊகத்தைச் சோதித்தவர் ஹென்றி மோஸ்லி. 1913-இல் மான்செஸ்டரில் இச்சோதனையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 25. தனிமத் துண்டுகளைச் சிறு வண்டியொன்றில் வரிசையாக ஏற்றி, காற்று நீக்கிய குழாய்க்குள் பட்டு நூலால் இழுத்து, எலெக்ட்ரான் கற்றைக்கு எதிரே ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவை வெளியிட்ட எக்ஸ் கதிர்கள் ஒரு படிகத்தின் வழியே புகைப்படத் தகட்டில் கோடுகளாக விழுந்தன. கால்சியம் முதல் துத்தநாகம் வரையிலான தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் கோடுகள் படிக்கட்டுப்போல் இறங்கின. ஸ்காண்டியம் இல்லாத இடத்தில் ஒரு படி காலியாக நின்றது. தூய துத்தநாகத்திற்குப் பதிலாக வைத்த பித்தளையோ, தாமிரத்தின் கோடுகளையும் சேர்த்தே காட்டிக்கொடுத்தது. அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்திற்குத் தனிமம் ஒரே அளவாக உயர்ந்தது. எடையில் இத்தகைய ஒழுங்கு இல்லை. கோபால்ட் 27, நிக்கல் 28 என்று ஐயமறத் தெரிந்தது. தங்கத்தின் எண் 79. என் கேள்விக்கு விடையும் அதுதான்.

1914-இல் மோஸ்லி 43, 61, 75 ஆகிய இடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதைச் சுட்டினார். ரீனியம் 1925-இலும், டெக்னீசியம் 1937-இலும், புரோமீதியம் 1945-இலும் அவ்விடங்களை நிரப்பின. அவற்றைக் காண மோஸ்லி இல்லை. முதல் உலகப் போரில் தாமே முன்வந்து படையில் சேர்ந்த அவர், 1915 ஆகஸ்டு 10-இல் கல்லிப்போலியில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27.

எடை ஏன் ஏமாற்றியது என்பது 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பிறகு முழுமையாக விளங்கிற்று. புரோட்டான்களின் எண்ணிக்கையே தனிமத்தைத் தீர்மானிக்கிறது. நியூட்ரான்கள் எடையை மட்டும் கூட்டுகின்றன. ஆர்கானுக்குப் புரோட்டான் 18, பொட்டாசியத்திற்கு 19. ஆனால் பூமியிலுள்ள ஆர்கானில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் 22 நியூட்ரான்கள் கொண்ட ஆர்கான்–40. பொட்டாசியத்தில் பெரும்பகுதி 20 நியூட்ரான்களே கொண்ட பொட்டாசியம்–39.

இத்தனை ஆர்கான்–40 எங்கிருந்து வந்தது? பாறைகளில் சிறிதளவு உள்ள கதிரியக்கப் பொட்டாசியம்–40-இலிருந்துதான். அதன் அணுக்களில் ஒரு பகுதி, தன் எலெக்ட்ரான் ஒன்றை உட்கருவே விழுங்க, ஒரு புரோட்டான் நியூட்ரானாகிவிடுகிறது. நிறை எண் 40 அப்படியே இருக்கிறது. 19 மட்டும் 18 ஆகிறது. உலோகம் வாயுவாகிவிடுகிறது.