சீனத்து மொறுமொறு மாட்டிறைச்சி: வீட்டிலேயே செய்யும் முறை



நமது ஸ்ரீ கெம்பாங்கான் முன்னாளில் செர்டாங் பாரு என்று அழைக்கப்பட்ட சீனப் புதுக்கிராமம் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், சிதறி வாழ்ந்த சீனக் குடிகளை ஓரிடத்தில் கொண்டுவந்து குடியேற்றிய ஊர்களில் இதுவும் ஒன்று. அவர்களுடைய அடுப்பு வாசனையிலேதான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். "அத்தா, அந்த மொறுமொறு இறைச்சி வேண்டும்" என்று பிள்ளை கேட்கும்போது, "கூடாது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் அது வெளியே போய்த் தேடும். ஆகவே வீட்டில் செய்து கொடுப்பதே உத்தமம்.

வெளியில் செய்வதில் பன்றிக் கொழுப்பு ஒரு பயம். அரிசி மது மற்றொன்று. "நெருப்பில் மது ஆவியாகிப் போய்விடுமே" என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. அமெரிக்க விவசாய இலாகாவின் கணக்குப்படி, மதுவைக் கலந்து கால் மணி நேரம் கொதிக்க வைத்த பின்னும் சுமார் 40 விழுக்காடு தங்கிவிடுகிறது. இரண்டு நிமிஷத்தில் புரட்டி எடுக்கும் கறியில் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். முழுவதும் போய்விட்டாலும் ஹராமை ஊற்றிச் சமைப்பது நமக்கு ஆகுமா? இஞ்சிச் சாறு ஒரு கரண்டி போதும், வீச்சம் போய்விடும்.

சிப்பி சாஸ் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஷாபிஈ மத்ஹபினருக்குச் சிப்பி ஆகும். ஹனபிகளான நம் இராவுத்தர் வீடுகளில் மீன் தவிர மற்றக் கடற்பிராணிகள் ஆகா என்பதால் அதை விட்டுவிடலாம், ருசி குறையாது. கிச்சாப் வாங்கும்போது ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

இனி இறைச்சி. இந்தியாவிலிருந்து உறைய வைத்து வருவது எருமை இறைச்சி. பசு இறைச்சி ஏற்றுமதிக்கு அங்கே தடை. எருமை சற்று முரடு. அரைகுறையாக உறைந்திருக்கும்போதே 500 கிராமை நாருக்குக் குறுக்கே மெல்லிய கீற்றுகளாக நறுக்க வேண்டும். நாரோடு நீளமாக நறுக்கினால் பல்லுக்குத்தான் வேலை. அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடாவைப் பிசிறி அரை மணி நேரம் வைத்தால் இளகும். பிறகு நன்றாக அலசித் துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள்.

இந்த ஈரத்தில்தான் நான் முதலில் ஏமாந்தேன். அலசிய கையோடு எல்லாவற்றையும் ஒரே தடவையில் குவாலியில் கொட்டினேன். எண்ணெய் குளிர்ந்தது, இறைச்சி நீர் விட்டு அவிந்தது. வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒற்றிய இறைச்சியில் ஒரு முட்டையின் வெள்ளைக் கரு, உப்பு, ஒரு கரண்டி கிச்சாப், இஞ்சிச் சாறு சேர்த்துப் பிசைந்து, எட்டு மேசைக்கரண்டி மக்காச்சோள மாவில் தனித்தனியாக உதிரும்படி புரட்டுங்கள். கோதுமை மாவு வேண்டாம். அதன் பசைத்தன்மையால் மேலோடு மெத்தென்று போகும். எண்ணெயில் மரக்குச்சியை விட்டால் சுற்றிலும் குமிழி கிளம்ப வேண்டும். மூன்று பங்காகப் பிரித்து, பங்குக்கு மூன்று நிமிஷம் பொரித்து அரிகரண்டியால் எடுத்து ஆற விடுங்கள். ஆறும்போது உள்ளிருக்கும் ஈரம் மேலோட்டுக்கு வந்து அதை நமர்க்கும். அதற்காகவே இரண்டாம் பொரிப்பு: தீயைக் கூட்டி ஒரு நிமிஷம். இதைச் சோம்பலால் விட்டவர்கள் மொறுமொறுப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

வேறு சட்டியில் சிறிது எண்ணெயில் பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாயை வதக்கி, கிச்சாப் இரண்டு மேசைக்கரண்டி, காடி இரண்டு, சீனி மூன்று சேர்த்துப் பாகுபோல் இறுகவிடுங்கள். சாறு தண்ணீராக இருக்கும்போது இறைச்சியைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். இறுகியதும் அடுப்பை அணைத்து, இறைச்சியையும் வெங்காயத்தாளையும் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி உடனே பரிமாறுங்கள்.

கடையடைத்து வர நேரமாகும் வீடுகளில் முதற் பொரிப்பை மாலையிலேயே முடித்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். இரண்டாம் பொரிப்பும் சாறும் இஷாத் தொழுதுவிட்டு ஆள் வந்து உட்கார்ந்த பிறகு.